தலையணை மேல் ஓர் உண்ணி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, கூரை விளிம்பு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பிஸ்கட் தொழிற்சாலையின் தரப் பரிசோதகர் கண் விழித்தபோது, அவருடைய வெள்ளைத் தலையணை உறையின் மேல் ஓர் உண்ணி, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

ஒரு பிஸ்கட் கருகியிருந்தால் தட்டு முழுவதையும் திருப்பி அனுப்புகிறவர் அவர். அவருடைய தலையணையிலேயே உண்ணியா? நகத்தால் நசுக்கப் போனவரின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். நசுக்கினால் கிருமி கையில் ஒட்டும் என்று சொல்லி, இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டு மூடினாள். சென்ற ஆண்டு உண்ணிக் காய்ச்சலில் ஐந்து நாள் சோறு தொடாமல் கிடந்த வீட்டு நாயை, பக்கத்திலேயே உட்கார்ந்து மீட்டெடுத்தவள் அவள். அன்று முதல் அது படுப்பது கட்டிலின் கால்மாட்டில், அதுவும் அவர் பக்கத்தில். ஓராண்டாகக் கால் மடக்கித் தூங்கிய ஆத்திரமெல்லாம் அவருக்கு அப்போது பொங்கியது.

“இன்னையிலேருந்து அது பின் வராந்தாவுல.”

“அதுகிட்டேயிருந்துதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“பின்னே, நானா கொண்டு வந்தேன்?”

பரிசோதிக்காமலே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் தொழிற்சாலையில் உண்டா என்று மனைவி கேட்டாள். அது அவருடைய தொழில் மானத்தில் தைத்தது. பல்கூடத் துலக்காமல் உட்கார்ந்து விதி எழுதினார்: ‘இவ்வீட்டில் எவர்மீதோ, எவருடைய உடைமைமீதோ உண்ணி காணப்பட்டால், அவர் ஏழு நாட்கள் பின் வராந்தாவில் தங்கவேண்டும். மேல்முறையீடு இல்லை.’ நாய் என்று வெளிப்படையாக எழுதினால் பாரபட்சம் என்பார்கள் என்றுதான் ‘எவர்’ என்று போட்டார். அதன் போர்வையும் கழுத்துப்பட்டையும் தப்பிவிடக் கூடாது என்று உடைமையைச் சேர்த்தார். கையெழுத்திட்டு நேரமும் குறித்தார். மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் பத்திரமாக ஒட்டினாள்.

எதிர்வீட்டுக் கால்நடை மருத்துவர் நடுவராக வந்தார். காதுமடல், அக்குள், விரலிடுக்கு, வாலடி, கழுத்துப்பட்டையின் உட்புறம் என்று ஒன்று விடாமல் பார்த்தார். சீப்பால் வாரியும் பார்த்தார். நாய் தையற்காரரிடம் அளவு கொடுப்பதுபோல் ஒத்துழைத்தது.

“சுத்தமா இருக்கான். மாசாமாசம் மாத்திரை குடுக்கறீங்கல்ல அக்கா?”

மாத்திரை கொடுத்த நாட்களுக்கெல்லாம் பச்சை வட்டமிட்ட நாட்காட்டியை மனைவி காட்டினாள்.

“அப்போ என் தலையணைக்கு அது எப்படி வந்துச்சு?” என்று சீறினார் பரிசோதகர்.

“நீங்க வாக்கிங் எந்தப் பக்கம் போறீங்க சார்?”

தெருநாய்கள் படுத்திருக்கும் காலி மனையில், இடுப்பளவு புல்லுக்குள் புகுந்து போனால் நான்கு நிமிடம் மிச்சம் என்று அவர் பெருமையோடு விளக்கினார். உண்ணி புல்நுனியில் ஏறி, உரசிப் போகிறவர்களுக்காகக் காத்திருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். மனைவி எதையும் விளக்கவில்லை. கணவரின் தலைமாட்டு ஆணியிலிருந்து நடைப்பயிற்சிக் கால்சட்டையை எடுத்து வந்தாள். துவைக்கப் போடுங்கள் என்று மூன்று நாளாக அவள் சொல்லியும் அங்கேயே தொங்கிய கால்சட்டை. மடிப்பைப் பிரித்தாள். உள்ளே இரண்டு உண்ணிகள் இருந்தன.

அந்த விதி நாய்க்காக எழுதியது என்று அவர் கொதித்தார். எழுதியவனையே வெளியே தள்ளும் அக்கிரமம் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை என்றார்.

“மேல்முறையீடு இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?” என்றாள் மனைவி, பாயை எடுத்துக் கொடுத்தபடி.

மறுநாள் காலை மருத்துவர், காலி மனையின் புல்லை வெட்டச் சொல்லி ஒரு மனு எழுதினார். மனைவி கால்சட்டையையும் படுக்கை விரிப்புகளையும் கொதிநீரில் போட்டாள். நாய் கட்டிலில் அவருடைய இடத்தில் நான்கு காலையும் நீட்டித் தூங்கியது. பரிசோதகர் வராந்தாவில் எழுந்து உட்கார்ந்து, விதியில் திருத்தம் எழுதப் பேனாவைத் திறந்தார். அதற்குள் நாயின் சீப்போடு மனைவி வந்து நின்றாள்.

“தலையைக் குனிங்க. காதுக்குப் பின்னால பாக்கணும்.”