நல்ல நேரத்தில் ஒட்டிய டேக்

புத்திசாலிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. புத்திசாலி, தப்பைச் செய்யும்போதே அது ஏன் சரி என்று விளக்கிக்கொண்டிருப்பான். தொண்ணூறுகளின் கோவையில் என்னைவிடப் பெரிய புத்திசாலி கிடையாது (கணித்தது நான்தான்).

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு, ஷிப்ட் நேரத்தில் தானாகவே சங்கு ஊதும் புரோகிராம் எழுதியிருந்தோம். எங்கள் சின்னக் கம்பெனிக்கு அதுதான் முதல் ஆர்டர். சொதப்பினால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

கோப்புகளை மாற்ற மாற்ற, ஒவ்வொன்றின் பழைய பிரதியும் நம்பரோடு கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும். அதில் சோதித்துத் தேறிய பிரதிகளின்மேல் ஒரு பெயரை ஒட்டிவைப்போம். அதற்கு டேக் என்று பெயர். அது எந்தப் பிரதியைக் காட்டுகிறதோ அதுதான் மில்லுக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒட்டினேன். எங்கள் முதலாளி பதறிப்போனார்.

"ஏனுங்க, ராகு காலத்துலயா பேர் வெச்சீங்க?"

"பன்னெண்டரைக்கு எடுத்துப்போட்டு மறுக்கா வெச்சர்றேனுங்க. வெறும் பேருதானுங்க, உள்ள ஒண்ணும் மாறாது" என்றேன் அலட்சியமாக.

மாறியிருந்தது. உடன் வேலை பார்த்த சுமதி, சோதனைக்காக நிமிடத்துக்கு ஒருமுறை சங்கு ஊதும்படி ஒரு கோப்பை இடையில் மாற்றிச் சேமித்திருந்தாள். பன்னிரண்டரைக்கு நான் பழைய நம்பரைப் பார்க்காமல், கடைசியாக இருந்ததன்மேல் பெயரை ஒட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை மில்லில் பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, பொத்தானை அமுக்கினேன். சங்கு ஊதியது. எல்லோரும் கைதட்டினார்கள். மறு நிமிடமும் ஊதியது. முதல் சங்குக்கு ஒரு ஷிப்ட் வெளியே வந்தது. இரண்டாவதுக்கு அடுத்த ஷிப்ட் உள்ளே நுழைந்தது. மூன்றாவதுக்கு இரண்டும் கேட்டில் முட்டிக்கொண்டன.

"ஏனுங் தம்பி, இது மில்லுங்களா, ரயில்வே ஸ்டேசனுங்களா?" என்றார் மில்காரர். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

போன் போட்டதும், சுமதி சரியான பிரதியை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். ஆர்டர் பிழைத்தது. "நேரத்தைப் பாத்தீங்க செரி. எதுமேல வெக்கறோம்னு பாக்கோணுமில்லீங்களா?" என்றாள், அத்தனை பேர் முன்னாலும். எனக்கு அவமானமாக இருந்தது. அவளை ரொம்பப் பிடித்தும் போனது.

பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். தாலி கட்ட நான் குனிந்தபோது மெல்லச் சொன்னாள்: "ஆளை நல்லாப் பாத்துக் கட்டுங்க. இதை எடுத்துப்போட்டு மறுக்கா வெக்க முடியாதுங்க."

அதனால்தான் எங்கள் கல்யாண ஆல்பத்தில், கெட்டிமேளம் முழங்க எல்லோரும் அட்சதை போடும் படத்தில், நான் மட்டும் தாலியைக் கையில் பிடித்தபடி பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மகள் அதைத்தான் முதலில் காட்டுவாள்: "அப்பா நம்பர் சரிபாக்கறாருங்க."