மூன்றாம் நம்பர் துணியும் முப்பத்தெட்டு நாள் வடாமும்

கோர்படி, புனே
ஜூன் 17, புதன்கிழமை

மதிப்பிற்குரிய சேஷு அத்திம்பேருக்கு, பத்ரிநாத் அநேக நமஸ்காரம். அக்காவின் முழங்காலும் உங்கள் சர்க்கரையும் டாக்டர் சொன்ன பேச்சைக் கேட்டு நடப்பதாக நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மாதவ் மட்டும், விஷயம் தெரியாத வரைக்கும் சௌக்கியம்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கூரியரில் கடுதாசி அனுப்புகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அக்கா கேட்பாள், காபி ஆறுவதற்குள் குடும்ப குரூப்பில் வந்துவிடும். மாதவும் அந்த குரூப்பில் இருக்கிறான். கடுதாசி என்றால் பயமில்லை. புனேயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழில் தன் பெயரைத் தவிர ஒன்றும் படிக்க வராது.

போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது, மாதவ் தன் டாக்டர் பட்ட ஆராய்ச்சியை உங்களுக்கு விளக்கினானே, ஞாபகம் இருக்கும். இந்த ஊர்க் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். சுவருக்குப் பின்னால் மண்ணைக் கொட்டும்போது நடுநடுவே ஜியோடெக்ஸ்டைல் என்று ஒரு பிளாஸ்டிக் துணியை விரித்தால் மண் நகராது, சுவரும் சாயாது என்றான். "முப்பத்தாறு வருஷம் பொதுப்பணித் துறையில கல்லும் சிமென்ட்டுமா சுவர் எழுப்பினேன், இவன் துணி போட்டுக் கட்டறானாம்!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பிள்ளை தட்டில் இருந்த மைசூர்பாகை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்காகவாவது நீங்கள் இப்போது எனக்கு இந்த உபகாரம் பண்ண வேண்டும்.

விஷயம் இதுதான். அந்தத் துணி மண்ணுக்குள் போவதற்கு முன்னால் வேலை நடக்கிற இடத்தில் மாதக்கணக்கில் வெயிலில் கிடக்குமாம். அதில் எவ்வளவு பலம் போகிறது என்று இவன் கண்டுபிடிக்க வேண்டும். மார்ச் ஒன்றாம் தேதி எங்கள் மொட்டைமாடியில் இரும்புச் சட்டம் போட்டு, ஆளுயர நீளத்தில் மூன்று துணிகளைக் கட்டில் மாதிரி படுக்கையாக இழுத்துக் கட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டான். "அப்பா, மே எண்டு வரைக்கும் நீதான் சௌகிதார். கபூதர் உக்காரக் கூடாது. யாரும் டச் பண்ணக் கூடாது. ஃபுல் வெயில் படணும்" என்று சொல்லி, தினமும் உஷ்ணம் குறித்துவைக்க ஒரு நோட்டும் கொடுத்தான். ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவனிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் கேட்க வேண்டுமா? புறாக்களெல்லாம் என் தலையைக் கண்டாலே அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும். பக்கத்து ஃப்ளாட் குல்கர்ணி மாமியை அந்தப் பக்கம் ஒரு துண்டு காயப்போட விடவில்லை. மூன்று மாசமாக அவர் என்னோடு பேசுவதில்லை.

இந்த அழகில்தான் என் ஆத்துக்காரி விசாலாக்ஷி மார்ச் பத்தாம் தேதி ஜவ்வரிசி வடாம் போட ஆரம்பித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்றாம் நம்பர் துணிமேல் போட்டுவிட்டாள். நான் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன், அத்திம்பேர், பொய் சொல்லவில்லை. பிள்ளை வெயில் படணும் என்றான், வெயில்தான் படறது. புறா உட்காரக் கூடாதுன்னான், வடாத்துக்கும் அதேதான் சட்டம். ரெண்டுக்கும் ஒரே காவல், இதுல என்ன தப்பு? அதுவும் அந்தத் துணியில வடாம் எப்படி உரிஞ்சு வந்ததுங்கறேள்! ஒட்டல, கிழியல, தட்டினா கலகலன்னு கொட்டித்து. ரஸ்தாபேட்டையில இருக்கற விசாலத்தோட சித்தி, கராடியில ஐடி வேலை பாக்கற வைஷு, உங்காத்துக்கு அனுப்பின ரெண்டு டப்பா, எல்லாம் மூணாம் நம்பர்தான். மாதவோட கைடு ஆப்டே சார் ஒரு நாள் சாப்பிட வந்து, "பஹுத் சுந்தர்"னு ஏழு எடுத்துண்டார்.

காலையிலே அவன் லேபுக்குக் கிளம்பினப்புறம் போடுவோம், அவன் வர்றதுக்குள்ள எடுத்துடுவோம். மறைக்கணும்னு இல்லை, வடாத்தோட நேரமே அதுதானே. மே முடிஞ்சு துணியெல்லாம் லேபுக்குப் போயாச்சு. மிஷின்ல மாட்டி இழுத்திருக்கா. ஒண்ணும் ரெண்டும் பாதி பலம் போயிடுத்து. மூணு மட்டும் நன்னாத் தாக்குப்பிடிச்சு நிக்கறது!

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் இதை அவன் சொன்னபோது முகம் அப்படியே ஜொலித்தது. "அப்பா, காத்துலேர்ந்து ஏதோ ஒண்ணு வந்து கபடா மேல ஒரு கோட்டிங் ஆயிருக்கு. அதுதான் வெயில்லேர்ந்து காப்பாத்தித்து. இது புது கண்டுபிடிப்பு" என்றான். மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தை லேப்டாப்பில் காட்டினான். வெள்ளையாக ஒரு பூச்சு, நடுவே கோடு கோடாக நீளமாய் ஒரு சாமான். "இது என்னன்னே லேப்ல யாருக்கும் தெரியல" என்று தட்டிலிருந்த வடாத்தை எடுத்து அதாலேயே சுட்டிக் காட்டினான். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சீரகம். விசாலம் என்னைப் பார்த்தாள், நான் ரசத்தைப் பார்த்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி அவன் நிபுணர் குழு முன்னால் இதைச் சொல்லப்போகிறான். சொன்னால், சீரகம் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும், நாலு வருஷ உழைப்பும் பிள்ளையின் பெயரும் போச்சு. நான் உண்மையைச் சொல்லலாம் என்றால், என்னை நம்பிக் காவலுக்கு வைத்தானே, எந்த முகத்தோடு சொல்வேன்? மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. ஆகையால் நீங்கள் பெரிய என்ஜினியர் என்கிற தோரணையில் அவனைக் கூப்பிட்டு, "என் அனுபவத்துல சொல்றேன், மூணாம் நம்பரை எடுத்துடு" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் கோபித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது நன்றாக வரும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் எல்லோருக்கும் ஆசீர்வாதம். வடாம் டப்பாவில் மீதி இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். துணி புதுசு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
பத்ரிநாத்

பி.கு.: மேலே உள்ளதில் தேதியையும் நமஸ்காரத்தையும் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். மாதவைக் கூப்பிட வேண்டாம். கவர் எடுக்க உள்ளே போன நேரத்தில், மேஜைமேல் இருந்த காகிதத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டு அவன் போனை அதற்கு நேரே காட்டியிருக்கிறான். அச்சடித்த மாதிரி இருக்கும் என் கையெழுத்தே எனக்குச் சத்ரு. போனுக்குள்ளிருந்து ஒரு பெண்மணி, நான் எழுதியதையெல்லாம் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்துவிட்டாள். முதலில் வந்தது விசாலம், கையில் கரண்டியோடு. அவள் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன்: அவள் பழைய வேஷ்டியில்தான் வடாம் போடுவதாக இருந்தாள். "இது என்ன துணி, மூணாம் நம்பரைத் தொட்டுப் பாரு, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனது நான்.

மாதவ் கத்தவில்லை. அந்த உஷ்ண நோட்டைக் கொண்டுவந்தான். அதில் அவன் இதுவரை எண்களை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தான். குறிப்பு என்கிற கட்டத்தில் நான் தமிழில் எழுதியிருந்ததை ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது போனை அதற்கும் நேரே காட்டினான். மார்ச் பத்து முதல் ஏப்ரல் பதினாறு வரை முப்பத்தெட்டு நாளும், போட்ட நேரம், எடுத்த நேரம், எல்லாம் அதில் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் கை, விட்டு எழுத வராது. அந்த மணிகளைக் கழித்துக் கணக்குப் போட்டால் மூன்றாம் நம்பர் ஒன்று, இரண்டோடு அச்சாகப் பொருந்துகிறதாம். உடனே போனில் கேட்டதற்கு, நிழல் இருந்தால் துணி பிழைக்கும் என்று ஆராய்ச்சியில் அதையே சேர்க்கச் சொல்லிவிட்டார் ஆப்டே சார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் காவலர் கையெழுத்து வேண்டும் என்றான் மாதவ். போட்டேன். ரிடையர் ஆன ஏழு வருஷத்தில் என் கையெழுத்தை ஒருத்தரும் கேட்கவில்லை, அத்திம்பேர். கண் கலங்கிவிட்டது.

இப்போது பக்கத்து அறையில், போனை அணைத்து வைத்துவிட்டு, அந்த நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். எழுத்துக்கூட்டி, சத்தம் போட்டு, தானாகவே ஒரு வார்த்தை படித்துவிட்டான்: "வ... டா... ம்."