கொரினுக்கு ஒரு மனையிடம்

"இந்த மேப்பிள் மரத்துக்கிட்ட மட்டும் கோட்டைக் கொஞ்சம் வளைச்சுடும்மா" என்றார் ஹாலிஸ்.

நோரீன் கையிலிருந்த நில அளவைக் கருவியைத் தாழ்த்தினாள். வெர்மான்டிலுள்ள தன் காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் இனி எந்தக் காலத்திலும் யாரும் எதுவும் கட்டக்கூடாது என்று ஹாலிஸே எழுதிக்கொடுக்கிறார். அந்தப் பத்திரத்துக்கான எல்லையை வரைபடத்தில் குறிக்கத்தான், இயற்கையைக் காக்கும் நில அறக்கட்டளை அவளை அனுப்பியிருந்தது.

"எதுக்கு சார் வளைக்கணும்?"

"என் பொண்ணு கொரின் பாஸ்டனை விட்டுட்டு இங்கேயே வந்துடப்போறா. வீடு கட்ட இடம் வேண்டாமா?"

"அவ கேட்டாளா?" என்றாள் மனைவி வெர்னா.

"கேட்டாத்தான் செய்யணுமா? வந்து பார்த்து அசந்து போகட்டும்!"

கோடு வளைந்தது. மரத்தடியில் பனி உருகித் தேங்கிய குட்டை. அது நிறைய, பல்லி போலிருக்கும் சாலமாண்டர்களின் முட்டைகள்.

"இதுங்களைக் காப்பாத்தத்தானே சார் இந்தப் பத்திரமே!"

"சரி, அதுங்க குடியிருக்கட்டும். மேட்டுக்குப் போவோம்."

மேட்டில் கடப்பாரையைப் போட்டால் 'டங்' என்றது. பாறை! ஓடைக்கு அப்பால் மண் நன்றாக இருந்தது. ஆனால் பாலம் போட்டால் டிரவுட் மீன்களுக்கு வழி அடைபடும். அந்த இடமும் வேண்டாமென்று திரும்பும்போது ஹாலிஸ் ஓடையில் வழுக்கி விழுந்தார்.

வரைபடத்தைப் பார்த்த வெர்னாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி!"

"வீட்டுப் பக்கம் ஒரே ஒரு இடம்தான் பாக்கி" என்று நோரீன் இழுத்தாள். "ஆனா அங்கே உங்க வைக்கோல் கொட்டகை நிக்குதே."

ஹாலிஸ் தன் கையால் கட்டிய கொட்டகை அது. ஈர பூட்ஸோடு போய் அதன் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"போகட்டும். பொண்ணை விடவா கொட்டகை பெருசு?"

கொட்டகையைப் பிரிக்க அக்கம்பக்கத்தார் திரண்டு வந்தார்கள். வெர்னா டோனட் சுட்டு அடுக்கினாள். பாட்டும் கூச்சலுமாகப் பலகைகள் பிரிந்தன. ஊர் அலுவலகத்தில் பத்திரமும் பதிவானது.

அடுத்த சனிக்கிழமை வாசலில் ஹார்ன் அலறியது. கொரின் குதித்தோடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவள் வந்த பிக்கப் வண்டியின் பின்னால், ஜன்னலும் புகைபோக்கியும் பூந்தொட்டியுமாக ஒரு குட்டி வீடு சக்கரங்களில் உருண்டு வந்து நின்றது.

மருமகன் வெண்டல் இறங்கினான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பனிக்காலத்துல உள்ளே நிறுத்தணும்னு உங்க வைக்கோல் கொட்டகைக்கு அளவெடுத்துத்தான் இந்த வீட்டையே கட்டினோம், மாமா. கொட்டகை எங்கே?"