லாரி ஏறிப் போன தாய் வீடு

சித்தூர் ஜில்லாவில் நகர்ந்துகொண்டிருக்கும் எதையும் ஒரே சொல்லில் நிறுத்தக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அந்தச் சொல் "ஓல்டான்." லாரி கிளீனராக வாழ்க்கையைத் தொடங்கியவர். வண்டியின் பின்பக்கம் நின்று தட்டித் தட்டி "ரைட்" என்றும் "ஓல்டான்" என்றும் கத்திப் பழகிய வாய். சொந்தமாக ஒரு மினி லாரி வாங்கி டிரைவரான பிறகு "ரைட்"டை விட்டுவிட்டார். "ஓல்டான்" மட்டும் நாக்கிலேயே தங்கிவிட்டது. பால்காரரை நிறுத்துவார், அடுத்தவர் பேச்சை நிறுத்துவார், தெருச்சண்டையைப் பாதியில் நிறுத்தி நியாயம் கேட்பார். அவருடைய கல்யாணத்தில் தாலியைக் கையில் கொடுத்த நேரத்தில் "ஓல்டான்" என்று சொல்லி, மணப்பெண் காலருகே ஊர்ந்த எறும்பை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் முடிச்சுப் போட்டார் என்று எங்கள் தெருவில் சத்தியம் செய்வார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஓல்டான் மாமா.

நான் சத்தியவேடு பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான்தான். சித்தூரில் பி.காம். படிக்கும்போது மாமா வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தேன். கல்லூரிக்குப் போகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தத் தெரு நம்பியது. பல்வலிக்கு மருந்து கேட்பார்கள், ரேடியோவைப் பிரித்துக் கொடுப்பார்கள். நானும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு யோசிப்பேன்.

வீட்டுக்கு ஒருவர் பெங்களூருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மாமாவின் ஒரே மகள் கலா கல்யாணமாகி அங்கே போய், ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாமா ஓடி வந்தார். கலா முழுகாமல் இருக்கிறாள், ஐப்பசியில் பிரசவம். ஆனால் வீட்டுக்கு வர மாட்டாளாம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்தால் வேலை போய்விடும், கடைசி வாரம் வரை மெஷின் மிதிக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அத்தை சமையற்கட்டில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நாமாவது அங்கே போய் இருக்கலாம் என்றால், கலா இருப்பது ஒற்றை அறை. மாமியார், நாத்தனார் உட்பட நாலு பேர் அதில் வரிசையாகப் படுத்தால், கதவைத் திறக்க ஒருவர் எழுந்திருக்க வேண்டும். வேறு அறை வாடகைக்குப் பிடிக்கலாம் என்றால், பெங்களூரில் கேட்கிற அட்வான்ஸுக்கு லாரியைத்தான் விற்க வேண்டும்.

மாமா வாசலில் நின்று லாரியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னார்.

"ஓல்டான். பொண்ணு தாய் வீட்டுக்கு வர முடியலன்னா, தாய் வீடு பொண்ணுகிட்ட போவட்டும்."

வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் மாமா திட்டத்தோடு இருந்தார். லாரியின் பலகைச் சுவர் இடுப்புயரம் இருக்கிறது. அதன்மேல் தகரக் கூரை. நான்கு மூலையிலும் குழாய்க்குள் குழாய். ஓடும்போது கூரை பலகைமேல் படுத்திருக்கும். நிறுத்திய இடத்தில் தூக்கி ஆணியைச் செருகினால் ஆள் நிற்கிற உயரத்துக்கு எழுந்துகொள்ளும். பலகைக்கும் கூரைக்கும் நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடங்கி விரியும் துணிச்சுவர். இரும்பு வேலையை வெல்டிங் பட்டறையில் ஒரு வாரத்தில் முடித்துவிட்டார். துணிதான் எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்கியது.

"தம்பி, நீ காலேஜி படிக்கிறியே. மழைக்கு எந்தத் துணி நிக்கும்?"

"மாமா, நான் பி.காம்."

"அதான் கேக்கறேன். துணியும் வியாபாரம்தான?"

முதலில் லாரிப் படுதாவைக் கட்டினார். கத்திரி வெயிலில், மாங்காய் லோடு இறக்கிவிட்டு வந்த ஒரு மத்தியானம், சோதனைக்காக உள்ளே போய் உட்கார்ந்தார். அத்தையும் ஒரு சோதனைக்காக ஒரு தட்டு வடாம் பிழிந்து உள்ளே வைத்தார். வடாம் முறுகிவிட்டது. மாமாவும் ஏறக்குறைய அதே பதத்தில் வெளியே வந்தார். அடுத்து நீல பிளாஸ்டிக். அதில் வெயில் கொஞ்சம் தேவலை, ஆனால் விடிகாலையில் உள்ளே படுத்தவரின் மூச்சே மேலே போய்த் துளித்துளியாக அவர் மூஞ்சியில் விழுந்தது. வெளியே பெய்யாத மழை உள்ளே பெய்கிறது என்று அதையும் கழற்றினார். கல்யாணப் பந்தல் துணியைக் கட்டிய அன்று, பக்கத்துத் தெருக்காரர்கள் இரண்டு பேர் வேட்டி மாற்றிக்கொண்டு சாப்பிட வந்துவிட்டார்கள்.

மூச்சு விடுகிற கெட்டிப் பருத்திதான் சரி என்று கடைசியில் முடிவானது. திருச்சானூரில் திருவிழாப் பந்தல்களுக்குத் துணி விற்கும் கடைக்கு மாமா, அத்தை, நான் மூவரும் போனோம். கடைக்காரர் என்ன நிறம் என்று கேட்டார். அங்கேதான் எங்களுக்கு ஒன்று தெரிந்தது: ஆந்திரத்தில் சொந்தக்காரர் இல்லாத நிறம் என்று ஒன்றுமே மிச்சமில்லை. வெள்ளையைத் தொட்டால் பிண வண்டி மாதிரி என்று அத்தை கையைத் தட்டிவிட்டார். காவி கட்டினால் உள்ளே சாமியார் இருப்பதாக நினைப்பார்கள். கறுப்பு பிரசவத்துக்கு ஆகாது. சிவப்பும் பச்சையும் கட்சிக் கொடி. தேர்தல் வந்தால் யாராவது கல்லெறிவார்கள். காக்கியைக் கண்டால் மாமாவே வண்டியை ஓரங்கட்டிவிடுவார். அத்தை மஞ்சளை எடுத்தார்.

"ஓல்டான், மஞ்சளும் கட்சிதான்," என்றார் மாமா.

"கட்சி நேத்து வந்துது. மஞ்சள் எந்தத் தாலியில இல்ல, சொல்லு?"

மாமா ஒருவரை எதிர்த்துப் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடையில் தைக்கக் கொடுத்தார். ஊசி இறங்குகிற ஒவ்வொரு முறையும் "ஓல்டான்" என்றால் எந்தத் தையல்காரர் தாங்குவார்? மூன்றாம் நாள் துணியைச் சுருட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கலா தையல் பழகிய வீட்டு மெஷினை அத்தை தெருவுக்கு இழுத்துப் போட்டார். கெட்டித் துணியில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. அத்தை மிதிக்க, மாமா சக்கரத்தைக் கையால் தள்ள, தெருவின் மறுகோடியில் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். போக்குவரத்து நின்றது. ஓல்டான் சொல்வதற்கு முதல்முறையாக நியாயமான காரணம் கிடைத்த பூரிப்பில் கத்திக் கத்தி மாமா இளைத்தே போனார்.

கூரையைத் தூக்கி வைத்து, அத்தையை உள்ளே நிற்கச் சொல்லி, அதற்குத்தான் அளவெடுத்திருந்தார். நின்ற வீட்டுக்குத் துணி கச்சிதம். கூரையை இறக்கியபோது அவ்வளவு துணியும் நான்கு பக்கமும் பிதுங்கி, லாரி பாவாடை கட்டிக்கொண்டது போல நின்றது. தெருவே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. சுவரின் நடு உயரத்தில் உட்பக்கமாக ஒரு மடிப்பு வைத்துத் தைத்து, அதற்குள் பாவாடை நாடாவைக் கோத்தார். கூரை இறங்கும்போது நாடாவை இழுத்தால் துணி முழுக்க உள்பக்கம் சுருங்கிக்கொண்டது. ஊசித்துளை வழியாகத் தண்ணீர் கசியாமல் இருக்கத் தையல் முழுவதும் மெழுகு தேய்த்தார்கள். தெருவில் இருந்த அத்தனை மெழுகுவத்தியும் அதற்கே போய்விட்டதால், கரண்டு போன நாட்களில் நாங்கள் ஓல்டான் மாமாவை நினைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

புரட்டாசிக் கடைசியில் புறப்பட்டார்கள். மறுநாள் எனக்குப் பெங்களூரில் ஒரு வேலைக்கான நேர்காணல். நானும் ஏறிக்கொண்டேன்.

பலமநேரில் சாப்பிட நிறுத்தினோம். அத்தைக்கு இடுப்பு வலி. கொஞ்சம் சாயட்டும் என்று மாமா கூரையைத் தூக்கினார். திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்த லாரி, புரட்டாசி மாதம், நடுவில் மஞ்சள் துணி மெல்ல மேலெழுகிறது. ஓட்டலில் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஈரக் கையோடு கும்பிட்டார்கள். ஒரு அம்மா, தேவுடு எந்த ஊருக்குப் போகிறார் என்று தெலுங்கில் என்னை விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டார். கூட்டம் "கோவிந்தா" என்றது. சத்தம் கேட்டு, கொசுவலை வைத்த ஜன்னல் மடிப்பை விலக்கி, அவிழ்ந்த கூந்தலோடு அத்தை எட்டிப் பார்த்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அத்தை அப்படியே உள்ளே போய்ப் படுத்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் கூரையை இறக்கிவிட்டு மூவரும் முன்பக்கம் ஏறி, முல்பாகல் தாண்டும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தோம். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கி, மாமாவால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல், அவரே தனக்கு ஓல்டான் சொல்லி ஓரங்கட்டினார்.

கலாவின் சந்துக்குள் லாரி நுழையவில்லை. சந்து முனையில் ஒரு காலி மனை இருந்தது. மதனபள்ளிப் பக்கத்துக் காவல்காரர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் துணி எழுந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சாமி வண்டியா, எத்தனை நாள் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளுங்கள், ஓனருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

மாமா சும்மா இருந்தால் போதும். அத்தை அவர் முதுகில் கிள்ளுவதை நான் பார்த்தேன். இத்தனை மாதப் பாடும் அந்த ஒரு நிமிஷத்தை நம்பி நின்றது.

"ஓல்டான்," என்றார் மாமா. "சாமி இல்லபா. உள்ள பாயும் பாத்திரமும்தான் இருக்குது. எம் பொண்ணுக்குப் பிரசவம், பக்கத்துல இருக்கலாம்னு வந்தோம்."

காவல்காரர் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். ஓனர் பார்த்தால் என் வேலை போய்விடும், இருட்டுவதற்குள் வண்டியை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு நடந்தார். அத்தைக்கு வந்த கோபத்தில் குரல் தாழ்ந்துவிட்டது.

"ஒரு பொய் சொன்னா உன் வாய் வெந்துடுமாய்யா?"

"சாமின்னு சொன்னா நாளைக்கு இங்கயும் கூட்டம் வரும், மேளம் வரும். அப்புறம் எம் பொண்ணு எப்புடித் தூங்குவா?"

ஆனால் வேறு எங்கே நிறுத்துவது என்று மாமாவுக்கும் தெரியாது.

சாயங்காலம் கம்பெனி விட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கலா வந்தாள். மேடிட்ட வயிறு, வீங்கிய கால். அப்பாவையும் அம்மாவையும் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேரே போய்த் துணியின் மூலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நைனா, இத யாரு தச்சது, எம்மாவா? எங்க சூப்பர்வைசர் பாத்தா மொத்தமும் பிரிக்கச் சொல்லிடுவான்."

"நல்லாத்தானடி இருக்குது," என்றார் அத்தை.

"நல்லா இல்லன்னா சொன்னேன்? உள்ள எப்புடி இருக்குது, பாக்கலாம். கொஞ்சம் கால நீட்டிக்கறேன்."

ஏறினாள். மஞ்சள் வெளிச்சத்தில் அவள் பாயை விரிப்பது நிழலாகத் தெரிந்தது. அத்தை காப்பியைக் கலந்து எடுத்துக்கொண்டு போவதற்குள் தூங்கிவிட்டாள். அந்த ஒற்றை அறையில் அவள் கடைசியாக எப்போது காலை முழுசாக நீட்டினாளோ.

வெளிச்சம் குறைந்தது. காவல்காரர் வந்தார். மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வண்டியை எடுப்பதானால் கூரையை இறக்க வேண்டும். கூரையை இறக்குவதானால் அவளை எழுப்ப வேண்டும். மாமா ஜன்னல் மடிப்பை ஒரு விரலால் விலக்கிக் காட்டினார். காவல்காரர் கொசுவலை வழியாகப் பார்த்தார். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, வாயைத் திறந்துகொண்டு கலா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"லேப்பொத்து," என்றார் அவர் மெல்ல. எழுப்பாதே என்று அர்த்தம். பிறகு மனையின் முகப்புக்குப் போய், தன் நாற்காலியை ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு, லாரி ஒன்று இருப்பதே தெரியாதவர்போல உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் அங்கே தை வரை இருந்தார்கள் என்பதும், கலாவுக்குப் பெண் பிறந்தது என்பதும் நான் பிறகு கேள்விப்பட்டவை. கண்ணால் பார்த்தது அந்தச் சாயங்காலத்தை மட்டும்தான்.

தூறல் போட்டது. கொஞ்சத்தில் வலுத்தது. அத்தை சத்தமில்லாமல் உள்ளே ஏறி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். எங்களையும் வரச்சொல்லிக் கையைக் காட்டினார். இன்னும் இரண்டு பேர் ஏறினால் லாரி ஆடும், கலா விழித்துக்கொள்வாள். மாமா வெளியிலேயே நின்று, தையல் ஓடிய இடமெல்லாம் உள்ளங்கையை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தார். தலையிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது.

"உள்ள நனையுதா?" என்று துணியோடு வாயை வைத்துக் கேட்டார்.

"இல்ல," என்றார் அத்தை உள்ளிருந்து.

"அப்பச் சரி," என்றார், மொத்தமாக நனைந்த மனுஷன்.

பக்கத்துக் கடையில் தாழ்வாரம் இருந்தது. மறுநாள் நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ள எனக்கு இருந்த ஒரே நல்ல சட்டை உடம்பில் இருந்தது. அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.