செல்வநாயகியோடு கதைக்காமல் இருந்த காலம்

கார்த்திகை இரண்டாந் திகதி காலை, இனி என் பெண்சாதியோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் கதைக்காமல் இருப்பது ஒரு வித்தை. என் தகப்பனார் என் தாயாருடன் ஒன்பது வருடம் கதைக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில், தகப்பனாரின் தமையனுக்கு முன்னதாகத் தன் தமையனுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டார் தாயார். அவ்வளவுதான் காரணம். அந்த ஒன்பது வருடமும் நான்தான் தூது. குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் நின்று, "ஐயாவுக்குச் சோறாம்", "அரிசி முடிஞ்சுதாம்" என்று சொல்லியே வளர்ந்தேன். தகப்பனார் கண்ணை மூடுகிற நாளிலும் தாயார் வாசலில் நின்று, "தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்றார். கேட்டேன். "வேண்டாமெண்டு சொல்லு" என்றார் அவர். அவர்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான். அதையும் அவர்கள் கதைக்கவில்லை. நான்தான் கதைத்தேன்.

இப்படி வளர்ந்தவனுக்கு மௌனம் பெரிய காரியமா? பார்க்கிற உத்தியோகமும் அதற்குப் பொருத்தம். மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் சட்டம்பி. நாற்பது பிள்ளைகளைப் பார்த்துக் "கதையாதே" என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

செல்வநாயகி வளர்ந்த வீடு வேறு மாதிரி. நெல்லியடியில் எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். அங்கே கோபம் உலை கொதிக்க முதல் ஆறிவிடும். போதாக்குறைக்கு அவளை மிஷன் விடுதியில் விட்டுப் படிப்பித்தும் இருக்கிறார்கள். ஆகையால் அவள் தமிழ், இங்கிலீசு என்று இரண்டு பாஷையில் கதைப்பாள். எனக்கு இங்கிலீசு தெரியாது. இருக்கிற ஒரு பாஷையையே நான் சிக்கனமாகச் செலவழிப்பவன்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் ஒரே மகள் ஞானாம்பிகை. வயது பதினொன்று.

"வாற தை மாசம் ஞானம் விடுதிக்குப் போறாள்," என்றாள் செல்வநாயகி.

"போகமாட்டாள்."

"ஏனாம்?"

"போகமாட்டாள் எண்டால் போகமாட்டாள்."

"நான் படிச்ச இடம். மூண்டு கட்டை தூரம். கப்பலிலையே அனுப்பிறன்? ஒரு ஞாயம் சொல்லுங்கோவன்."

நியாயம் இருந்தது. அந்த வீட்டில் நான் மனம்விட்டுக் கதைக்கிற ஒரே ஆள் ஞானம். பின்னேரத்தில் என் பக்கத்தில் வந்து இருப்பாள். அன்று எந்தப் பிள்ளை எந்தக் கணக்கைப் பிழைவிட்டது என்று சொல்வேன். தலையைச் சாய்த்துக் கேட்பாள். அவள் போய்விட்டால் நான் யாரோடு கதைப்பேன்? இதைப் பெண்சாதிக்கு எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டேன். எட்டுப் பேரோடு இரைந்து வளர்ந்தவள் ஒரு கிழமை தாங்கமாட்டாள், தானாக இறங்கி வருவாள் என்பது என் கணக்கு.

"பிள்ளை, கொம்மாவிட்டைச் சொல்லு, குழம்புக்கு உப்புக் கூட எண்டு."

"அம்மா, ஐயா சொல்லுறார்..."

"கேட்டது பிள்ளை. உப்புக் கூடின குழம்பை ஏன் மூண்டாந்தரமும் விட்டுச் சாப்பிடுறார் எண்டு கொப்பரிட்டைக் கேள்."

"ஐயா, அம்மா கேக்கிறா..."

"எனக்கும் கேட்டது."

மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தோம்.

ஒரு கிழமை மூன்று கிழமையாயிற்று. ஞானம் பின்னேரங்களில் என் பக்கத்தில் வந்து இருப்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் கூப்பிட்டேன். வந்து நின்றாள்.

"இண்டைக்கு இன்னும் எத்தினை இருக்கு, ஐயா?"

"என்ன எத்தினை?"

"அம்மாவுக்குச் சொல்லவேண்டியது. இருந்தால் எல்லாத்தையும் ஒண்டாத் தாங்கோ."

அவள் நின்ற இடத்தைப் பார்த்தேன். குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் நின்றாள்.

அடுத்த நாள் செல்வநாயகி என் முன்னால் வந்து, "உங்களை உங்கடை வீட்டிலை தூதுக்கு வளத்தவை. என்ரை பிள்ளையை நான் அதுக்குப் பெறேல்லை," என்றாள். நேராக என்னிடம் சொன்னாள். இதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தூதுக்கு ஞானம் அப்போது வீட்டில் இல்லை.

மார்கழியில் விடுதியை நடத்துகிற வெள்ளைக்கார மிஸியம்மா வந்தார். பிள்ளையைச் சேர்ப்பதென்றால் தகப்பனிடம் நேரில் சம்மதம் கேட்பது அங்கத்தைய வழக்கமாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு சொல்லில் காரியத்தை முடித்துவிடலாம். ஆனால் மிஸியம்மா கப்பலால் இறங்கி நாலு மாதம். "வணக்கம்" என்ற சொல்லோடு அவருடைய தமிழ் முடிந்தது. என்னைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ கேட்டார். செல்வநாயகி அதைத் தமிழாக்கி, எனக்குச் சொல்லாமல் மகளுக்குச் சொன்னாள்.

"பிள்ளை, உன்னை விடுதிக்கு அனுப்பக் கொப்பருக்குச் சம்மதமோ எண்டு மிஸியம்மா கேக்கிறா."

ஞானம் என் பக்கம் திரும்பினாள். "சம்மதமோவாம், ஐயா."

"இல்லையெண்டு சொல்லு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

"ஓமாம், அம்மா."

செல்வநாயகி நாலடி தூரத்தில் இருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழாமல் இருக்க வழியில்லை. மிஸியம்மாவைப் பார்த்து "யெஸ்" என்றாள். அந்த அளவு இங்கிலீசு எனக்கும் தெரியும்.

'பொய்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அதைச் செல்வநாயகிக்குத்தான் சொல்லவேண்டும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலியாகப் பார்க்கவில்லை. சொல்லட்டும் என்று காத்திருந்தாள் போலத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒன்பது வருடப் படிப்பு லேசில் விடுமா? தலையை மட்டும் ஆட்டினேன். எங்கள் தலையாட்டலில் எது ஓம், எது இல்லை என்று நாலு மாதத்தில் யாருக்கு விளங்கும்? மிஸியம்மா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

தை பிறந்தது. ஞானம் தகரப் பெட்டியோடு வண்டியில் ஏறினாள்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?" என்று மெல்லக் கேட்டேன்.

"களைச்சுப் போச்சு, ஐயா," என்றாள்.

அதன்பின் வீட்டில் இரண்டு பேர். தூதுக்கு ஆளில்லை. சோறு வேண்டுமென்றால் செம்பைத் தட்டுவேன். போதுமென்றால் இலைக்கு மேல் கையைக் கவிழ்ப்பேன். செல்வநாயகியும் கதைப்பதை விட்டுவிட்டாள். கிணற்றடியில் பக்கத்து வளவு அருமைநாயகியோடு வாய் ஓயாமல் கதைப்பாள். படியில் கால் வைத்ததும் வாயைப் பூட்டிவிடுவாள். என் வித்தையை என்னிடமே படித்து, என்னைவிடத் திறமாகச் செய்தாள். பின்னேரங்களில் எந்தப் பிள்ளை எந்தக் கணக்கைப் பிழைவிட்டது என்பது எனக்குள்ளேயே கிடந்து புளித்தது.

மாசியில் தபாற்காரன் ஒரு கடிதம் கொண்டுவந்தான். உறையில் 'பஞ்சலிங்கம்' என்று என் பெயர், ஞானத்தின் தமிழ் எழுத்தில். ஆசையோடு உடைத்தேன். உள்ளே முழுவதும் தாயிடம் படித்த இங்கிலீசு. விடுதிப் பிள்ளைகளும் வீட்டாரும் ஒருவருக்கொருவர் இங்கிலீசில்தான் எழுதவேண்டும் என்பது சட்டமாம்.

வெளியே கொண்டுபோய் யாரிடமாவது கொடுத்து வாசிப்பிக்கலாம். வீட்டில் இங்கிலீசு படித்த பெண்சாதி இருக்கச் சட்டம்பியார் ஏன் தெருவுக்கு வந்தார் என்று ஊர் கேட்கும். மத்தியானம் முழுக்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு குசினிக்குள் போனேன்.

"என்ன எழுதியிருக்கிறாள்?"

மூன்று மாதத்துக்குப் பிறகு அவளுக்கென்று வந்த குரல். துருப்பிடித்திருந்தது. செல்வநாயகி அகப்பையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"சுகமாம். கணக்கிலை நல்ல புள்ளியாம்."

"பிறகு?"

"சாப்பிடேக்கை ஆரும் கதைக்கக் கூடாதாம். புதுப் பிள்ளையள் எல்லாம் அழுகினமாம்."

"இவள்?"

"தனக்கு அது பழக்கமாம். மிஸியம்மா மற்றப் பிள்ளையளுக்குத் தன்னைக் காட்டி மெச்சினவவாம்."

அவள் கடிதத்தை மடித்து என் கையில் தந்தாள்.

"பதில் போடவேணும்," என்று செல்வநாயகி கடதாசியும் பேனையும் எடுத்து வந்தாள். "சொல்லுங்கோ, எழுதிறன்."

சொன்னேன். அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடப்பதைச் சொன்னேன். அவளை நடுவில் நிறுத்தியது பிழை என்று சொன்னேன். எனக்கு யாரோடும் கதைக்கத் தெரியாது, அவளோடு மட்டும் எப்படியோ வந்தது, அதனால்தான் விட மனமில்லை என்று சொன்னேன். ஒரு மணித்தியாலம் இருக்கும். உலை கொதித்து, வடித்து, ஆறியும் விட்டது. என் வாழ்நாளில் நான் ஒரே இருப்பில் அவ்வளவு கதைத்ததில்லை.

"எழுதி முடிஞ்சுதோ?"

"ஓம்."

எட்டிப் பார்த்தேன். கடதாசியில் இரண்டே இரண்டு வரி.

"இவ்வளவுதானோ? நான் சொன்னதெல்லாம் எங்கை?"

"பிள்ளைக்கு இவ்வளவு காணும்," என்று செல்வநாயகி உறையை ஒட்டினாள். "மிச்சமெல்லாம் எனக்கெல்லோ சொன்னனீங்கள்."