ஆள்காட்டிக் குருவியின் பெயர்க்காரணம்

இனி தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடப்பது என்று ஹாஜா நஜ்முதீன் முடிவெடுத்தார். முடிவெடுத்தார் என்பது அவர் ஊரில் சொல்லிக்கொண்டது. அருப்புக்கோட்டை டாக்டர் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ரசூல் பீவி எல்லாவற்றையும் முடித்துவிட்டார். இனிப்பு கிடையாது. நடை உண்டு.

இருபத்திரண்டு வருஷம் சவுதியில், தம்மாமில் வெந்துவிட்டுச் சொந்த ஊரான பரளச்சிக்குத் திரும்பிய மனிதர். அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆசை கருப்பட்டி மிட்டாய். அதையும் பிடுங்கினால் என்ன செய்வார்? ஊருக்கு வெளியே தரிசுக் காட்டில், சீமைக்கருவேல மறைவில் வாகாக ஒரு கல்லைக் கண்டுபிடித்தார். போகிற வழியில் கடையில் நூறு கிராம். ஐந்து நிமிஷம் நடை, ஐம்பது நிமிஷம் கல், மறுபடி ஐந்து நிமிஷம் நடை. திரும்பும்போது குழாயடியில் முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வார். அதுதான் வேர்வை.

ஒரே தொந்தரவு, கல்லுக்குப் பக்கத்தில் முட்டையிட்டிருந்த ஓர் ஆள்காட்டிக் குருவி. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தித் தொலைக்கும். நஜ்முதீன் அதைப் பொருட்படுத்தவில்லை. மிட்டாய் தின்கிறவன் வானத்தைப் பார்ப்பானா?

ஒன்பதாம் நாள் அவர் வீடு திரும்பியபோது ரசூல் பீவி மொட்டைமாடியில் காயவைத்த மிளகாய் வத்தலை அள்ளிக்கொண்டிருந்தார். நஜ்முதீன் ஈர முகத்தோடு மேலே போய் மூச்சு வாங்கிக் காட்டினார்.

அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. எதற்காவது ஏன் இந்தப் பேர் வந்தது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். பீவி அதைக் கல்யாணமான புதிதில் போனிலேயே கண்டுபிடித்திருந்தார்.

“ஏன் மச்சான், தவிட்டுக்குருவிக்கு எப்பிடி அந்தப் பேரு வந்துச்சு?”

“தவிட்டு நெறம். அதான்.”

“வாலாட்டிக்கு?”

“வாலை ஆட்டுதுல்ல? இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“ஆள்காட்டிக்கு?”

நஜ்முதீன் தொண்டையைச் செருமினார். இதற்கு நின்றபடி பதில் சொன்னால் மரியாதையில்லை என்று தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்தார்.

“அது மரத்துல கூடு கட்டாது பீவி. வெட்டவெளியில கல்லோட கல்லா முட்டை போடும். ஆளைக் கண்டாக் கத்தி ஊரைக் கூட்டிரும். முயல் வேட்டைக்குப் போறவுக பதுங்கிப் பதுங்கிப் போவாக. இது காட்டிக் குடுத்திரும், முயலு ஓடிரும். அவுக வயித்தெரிச்சல்ல வச்ச பேருதான் ஆள்காட்டி.”

“அம்புட்டு வெவரமாக்கும்! சும்மா தாண்டிப் போனாலுமா கத்தும்?”

“கத்தும். ஆளு தாண்டிப் போயிட்டா வாயை மூடிக்கிரும்.”

“தாண்டாம அங்கனயே உக்காந்துட்டா?”

“எந்திரிச்சுப் போற வரைக்கும் விடாது. ஒரு மணி நேரமானாலும் கத்தும். நான் கண்ணால பாத்தவன்ல!”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

பீவி வத்தல் சாக்கை இறுக்கிக் கட்டினார்.

“ஒம்பது நாளா நானும் இங்கனதான் வத்தல் அள்ளுறேன். நீங்க கெளம்பின அஞ்சாவது நிமிசம் அது ஆரம்பிக்குது. நீங்க வீட்டுக்கு வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஓயுது.”

“அது… ஆடு மேய்க்கிற ஆளா இருக்கும்.”

“அவரு சட்டைப் பையிலயும் எறும்பு ஊருமா மச்சான்?”

நஜ்முதீன் குனிந்து பார்த்தார். எறும்புகள் வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தன.

பீவி கையை நீட்டினார். அவர் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் இரண்டு துண்டு மிச்சமிருந்தது. அடுத்தது அழுகை, அப்புறம் டாக்டர், அப்புறம் துபாயிலிருக்கும் மகனுக்கு வீடியோ கால் என்று நஜ்முதீன் மனசைத் திடப்படுத்திக்கொண்டார். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். மிட்டாய் போய்விடுமே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பீவி அழவில்லை. இரண்டு துண்டையும் ஒவ்வொன்றாக வாயில் போட்டு, நிதானமாக மென்று, விரலைத் துடைத்துக்கொண்டார்.

“நாளையிலேருந்து கால் கிலோவா வாங்குங்க. ஒரு மணி நேரம் நடந்து முடிச்சிட்டு நேரா எங்கிட்டக் கொண்டாங்க. எனக்குச் சுகர் இல்ல.”