சேத்தியாத்தோப்பில் மடங்கும் கண்ணாடி

திங்கட்கிழமை சேத்தியாத்தோப்பு நெருங்கும்போது வேனின் இடப்பக்கக் கண்ணாடி மடங்கிக்கொண்டது. விருத்தாசலத்திலிருந்து அதுவரை அசையாமல் வந்த கண்ணாடி.

டீக்கடை எதிரே ஓரங்கட்டினார் அருளானந்தம். கட்டிலும் அடுப்பும் வைத்து, வேனையே வீடாக்கியிருந்தார். மனைவி அன்னமேரியை வாரம் மூன்று நாள் சிதம்பரத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டும். பத்து மணி தாண்டினால் மிஷின் அடுத்தவருக்குப் போய்விடும்.

"கால் மரத்துப்போச்சுங்க, செத்த எறங்கி நடக்குறேன்" என்றாள், இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள்.

"நட. சீக்கிரம் வா."

கண்ணாடியைத் தாங்கும் கையின் மூட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. அது இரண்டு பல்சக்கரங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும். மரக்கிளை இடித்தால் பற்கள் நழுவிக் கை மடங்கும். வெறும் காற்றுக்கு மடங்காது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவு செய்தார்.

புதன்கிழமை கெட்டியான லாரி ஸ்பிரிங்கோடு வந்தார். அதே இடம். இந்த முறை கை படாரென்று மடங்கிக் கதவில் மோதி, கண்ணாடி நொறுங்கியது. துண்டுகளைப் பொறுக்கி முடிப்பதற்குள் பத்தரை. மிஷின் போய்விட்டது. மறுநாள் முழுக்க அன்னமேரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள்.

அருளானந்தம் இருபது வருடம் பீங்கான் சூளையில் நின்றவர். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கச்சிதமாக ஒரு பீங்கான் வளையத்தை இறுக்கினார். பீங்கான் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். ஒரு தட்டு தட்டினால் தாங்காது. அதை அவர் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அதே டீக்கடை எதிரே, டங்கென்று ஒரு சத்தம். வளையம் சிதறி, கை ஒடிந்து தொங்கியது. மணி ஒன்பதே கால்.

"இன்னிக்கும் மிஷின் போச்சுன்னா அவ தாங்க மாட்டா" என்றார், கயிறு கொண்டுவந்த டீக்கடை தர்மராஜிடம். "ஒரு நாளைக்கே அரை லிட்டர் தண்ணிதான் குடிக்கலாம்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

வேனுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த அன்னமேரியை தர்மராஜ் எட்டிப் பார்த்தான்.

"தெரியாமப் போச்சே அண்ணே. மூணு நாளும் டீ குடுத்துட்டேனே."

"யாருக்கு?"

கயிற்றை இறுக்கிக் கட்டியபடி அவன் சொன்னான்:

"அக்காவுக்குத்தான். ரெண்டு நாளு ஜன்னல் வழியா கைய விட்டு மடக்குனாங்க, இன்னிக்கித் தூக்குச்சட்டியால ஒரு போடு போட்டாங்க, பாத்துக்கிட்டுதான இருந்தேன். பழைய ஸ்பிரிங்கயே போடுங்க. அந்த அரை லிட்டர்ல அரை கிளாஸக் கொறச்சி இங்க டீயா குடுத்துடுங்க. கண்ணாடி நிக்கும்."